பொதுப் பூங்காவில் கார்பன் திட்டம், 40 வருட ஒப்பந்தம்: கூட்டத்தில் என்ன கேட்பது?

மாலைநடை
திங்கள், இரவு 9.12

வணக்கம். எங்கள் பகுதிப் பூங்கா சுமார் 12 ஏக்கர். பாதி புல்தரை, ஓரமெல்லாம் பழைய மரங்கள், கீழ்க்கோடியில் மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும் ஒரு பள்ளம். பத்து வருடமாக அங்கே நடக்கிறேன், பூங்கா பயன்படுத்துவோர் குழுவிலும் இருக்கிறேன்.

போன வாரம் நகர நிர்வாகத்திடமிருந்து ஒரு அறிக்கை வந்தது. ஒரு நிறுவனம் புல்தரையில் 5 ஏக்கரை அடர்காடாக மாற்றித் தருமாம். நடுவது, தண்ணீர், மூன்று வருடப் பராமரிப்பு எல்லாம் அவர்கள் செலவு. பதிலுக்கு, அந்த மரங்கள் பிடித்துவைக்கும் கார்பனின் கிரெடிட் (புகை விடுபவர்கள் ஈடுகாட்ட வாங்கும் சான்று) 40 வருடத்துக்கு அவர்களுக்குச் சொந்தம். கருத்துக் கேட்புக் கூட்டம் மூன்று வாரத்தில்.

மரம் நடுவதை எதிர்த்த ஆள் என்ற பெயர் எனக்கு வேண்டாம். ஆனால் அறிக்கையைப் படிக்கப் படிக்க ஏதோ இடிக்கிறது. "ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டன் கார்பன் டை ஆக்சைடு" என்று ஒரு வரி. 5 ஏக்கரில் அது நடக்குமா? வேறு என்ன கேட்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மா_படிப்பவன்
திங்கள், இரவு 9.40

அவர்கள் காசு போட்டு மரம் வைத்துத் தருகிறார்கள். அதிலும் நொட்டையா? கையெழுத்துப் போட்டுவிட்டு நிழலில் நடங்கள் சார்.

மண்புழு
திங்கள், இரவு 11.05

முதலில் அந்த ஆயிரக்கணக்கான டன்னைப் பிடியுங்கள். மீதி அப்புறம்.

கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தையல்காரர் டேப் ஒன்றை எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போங்கள். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் (மார்பு உயரம் என்போம்) ஒரு மரத்தின் சுற்றளவை அளங்கள். 94 செ.மீ. வந்தால் விட்டம் 30 செ.மீ. உயரம் 15 மீட்டர், கட்டை நடுத்தரக் கனம் என்று வைத்துக்கொள்வோம். வெப்பமண்டல மரங்களுக்கு ஆய்வாளர்கள் போடும் சூத்திரத்தில் இதைக் கொடுத்தால் தரைக்கு மேலே உள்ள மரத்தின் உலர் எடை சுமார் 440 கிலோ. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் கார்பன். ஐபிசிசி (ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழு) கணக்கில் 0.47. அதாவது 206 கிலோ. ஆக்சிஜனோடு சேரும்போது எடை 3.67 மடங்கு ஆகும், அதனால் அதை 3.67-ஆல் பெருக்கினால் கார்பன் டை ஆக்சைடு, சுமார் 760 கிலோ. வேரையும் சேர்த்தால் ஒரு டன்னை எட்டிப் பார்க்கும், எட்டாது.

அந்தப் பருமனுக்கு வர ஒரு மரத்துக்கு இருபது, முப்பது வருடம் ஆகும். உலகில் சராசரியாக ஒரு ஆள் பெயரில் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிந்து வெளியேறுவது வருடத்துக்கு 4.7 டன் அளவில். ஆக, ஐந்து மரம் கால் நூற்றாண்டு பாடுபட்டுச் சேர்த்ததை ஒரு ஆள் ஒரே வருடத்தில் ஊதித் தள்ளிவிடுகிறார்.

இனி உங்கள் 5 ஏக்கர். அது 2 ஹெக்டேர். நல்ல மழை, நல்ல மண் என்றால் ஒரு ஹெக்டேர் இளங்காடு வருடத்துக்கு 10 முதல் 20 டன் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கலாம். தாராளமாகவே போட்டாலும் உங்களுக்கு வருவது 40 டன். சின்னக் கார் இருபது ஓடினால் அவ்வளவு. அதைக் குறைத்துச் சொல்லவில்லை, 40 டன் 40 டன்தான். ஆனால் ஆயிரக்கணக்கில் என்று எழுதியவர் ஒன்று கணக்குத் தெரியாதவர், இல்லை உங்களுக்குத் தெரியாது என்று நினைத்தவர்.

இன்னொன்று. ஓரத்துப் பழைய மரங்களையும் அளந்து வையுங்கள். சுற்றளவு 188 செ.மீ., உயரம் 20 மீட்டர் உள்ள ஒரு கிழட்டு மரம், நான் மேலே சொன்ன மரத்தைப் போல ஐந்து மடங்கு. சுற்றளவு இரண்டு மடங்குதான், கார்பன் ஐந்து மடங்கு. அறிக்கையில் அந்த மரங்களைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா?

மாலைநடை
செவ்வாய், காலை 6.50

ஒரு வரி இருக்கிறது. "தேவைப்படும் இடங்களில் இருக்கும் மரங்கள் அப்புறப்படுத்தப்படும்."

மண்புழு
செவ்வாய், காலை 7.15

அதுதான் உங்களை இடித்திருக்கிறது.

கிரெடிட்கணக்கு
செவ்வாய், மதியம் 1.30

முன்னாடியே சொல்லிவிடுகிறேன்: இந்த மாதிரித் திட்டங்களின் கணக்கைச் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. எந்த நிறுவனம் என்று கேட்க வேண்டாம்.

மண்புழு சொன்ன எண்கள் சரி. ஆயிரம் டன் சொச்சம் என்பது 40 வருட மொத்தமாக இருந்தால் நம்பலாம். யாரோ "ஆண்டுக்கு" என்று சேர்த்திருக்கிறார்கள். தவறா தந்திரமா, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஆனால் எண்ணை விட முக்கியமான கேள்வி: இந்தத் திட்டம் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும்? கிரெடிட் என்பது அந்த வித்தியாசத்துக்கான சீட்டு. நட்ட மரம் எல்லாவற்றுக்கும் கிடைக்காது, திட்டத்தால் மட்டுமே வந்ததற்குத்தான் கிடைக்க வேண்டும். வெறும் புல்தரையில் புதிதாக மரம் வந்தால் இதைக் காட்டுவது எளிது. இருக்கிற மரத்தைக் "காப்பாற்றுகிறோம்" என்று கிரெடிட் போடும்போதுதான் கூத்து. பொதுப் பூங்கா மரத்தை யார் வெட்டப் போகிறார்கள்? வெட்டாத மரத்தை வெட்டாமல் இருப்பதற்கு எதற்குப் பணம்?

பெரிய அளவிலும் இந்தச் சண்டை உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநில அரசு பிஜன் ரிவர் என்ற தன் காட்டில் ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் கார்பன் திட்டத்தில் சேர்த்து, கிரெடிட்டை ஒரு மின் நிறுவனத்துக்கு விற்றது. பொது நிலத்துக்கு வருமானம் வந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் அரசே வழக்கம்போலப் பராமரித்துவரும் காட்டில் காற்றுக்குப் புதிதாக என்ன லாபம் என்று கேட்டவர்களும் நிறையப் பேர்.

இரண்டாவது, மரம் போனால் என்ன? கலிபோர்னியாவின் விதியில் கிரெடிட் வழங்கிய பிறகு 100 வருடம் அந்தக் கார்பனைக் கண்காணித்தாக வேண்டும். ஒவ்வொரு திட்டமும் கிரெடிட்டில் ஒரு பங்கைப் பொதுக் கையிருப்பில் போட வேண்டும். எங்காவது எரிந்தால் அதிலிருந்து ஈடு செய்வார்கள். 2021-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பூட்லெக் என்ற காட்டுத்தீ நான்கு லட்சம் ஏக்கரைத் தின்றது. அதில் இந்த விதிப்படி கிரெடிட் விற்ற காடும் இருந்தது. காப்பீடு மாதிரிதான், ஒரே நேரத்தில் எல்லோர் வீடும் எரியாதவரை சரி. உங்கள் பூங்காவில் காட்டுத்தீ வராது. புயல், பூச்சி, வறட்சி, புதுச் சாலை, அடுத்து வரும் தலைவரின் புதுத் திட்டம், இவை வரும். அப்போது இழப்பு யார் தலையில்? 40 வருடம் முடிந்த மறுநாள் என்ன? ஒப்பந்தத்தில் இந்த இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அது ஒப்பந்தமே இல்லை.

மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. கிரெடிட்டை விற்றுவிட்டால் அந்த டன்கள் வாங்கியவருடையவை. அவர் தன் புகையை அதைக் காட்டிக் கழித்துக்கொள்வார். அப்புறம் நகர நிர்வாகம் அதே மரங்களைக் காட்டி "எங்கள் ஊர் இவ்வளவு கார்பனைக் குறைத்தது" என்று தன் அறிக்கையில் எழுதக் கூடாது. ஒரு மாட்டை இரண்டு பேருக்கு விற்ற கதை ஆகிவிடும். உங்கள் நிர்வாகம் ஏற்கெனவே பருவநிலைத் திட்டம் ஏதாவது வெளியிட்டிருந்தால் எடுத்துப் பாருங்கள், இந்தப் பூங்கா அதில் இருக்கிறதா என்று.

தேன்கூடு
செவ்வாய், மாலை 5.20

டன் கணக்கெல்லாம் சரி அண்ணா. அந்தப் புல்தரையில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று யாராவது எண்ணினீர்களா?

அடர்காடு என்றால் மியாவாக்கி முறையாகத்தான் இருக்கும். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி கொண்டுவந்தது. ஒரு சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு கன்று. இரண்டு மூன்று வருடத்தில் உள்ளே ஆள் நுழைய முடியாத புதர்ச்சுவராகிவிடும். காடு அப்படித்தான் இருக்க வேண்டும், அதில் குற்றம் இல்லை. ஆனால் பூங்காவில்? நான் வேலை முடிந்து ஏழு மணிக்கு நடக்கப் போகிறவள். பாதையின் இரண்டு பக்கமும் பார்வை மறையாமல் இருப்பதால்தான் போகிறேன். ஒரு பக்கம் சுவர் மாதிரிக் காடு வந்தால் அன்றோடு நிறுத்திக்கொள்வேன். என்னைப் போல எத்தனை பேரோ. பிள்ளைகள் பந்து விளையாட வேறு எங்கே போவார்கள்? பைக் எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே உள்ள மைதானத்துக்குப் போனால் அந்தப் பெட்ரோலையும் கணக்கில் சேர்ப்பார்களா?

மூன்று வாரம் இருக்கிறதே. காலை, மாலை, ஞாயிறு என்று மூன்று வேளை உட்கார்ந்து தலையை எண்ணுங்கள். ஒரு நோட்டு போதும்.

கிரெடிட்கணக்கு
செவ்வாய், மாலை 6.02

தேன்கூடு சொன்னது உண்மையிலேயே கணக்கில் வர வேண்டிய விஷயம். கசிவு என்பார்கள். இங்கே அடைத்தால் வேறு எங்கோ வழியும். பெரிய காடுகளுக்கு மரம் வெட்டுவது பக்கத்துக் காட்டுக்கு நகர்கிறதா என்று பார்ப்போம். பூங்காவுக்குப் பந்து விளையாட்டு எங்கே நகர்கிறது என்று பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

கவாத்துக்காரர்
புதன், காலை 5.30

தம்பி மாலைநடை, நான் பூங்கா பராமரிப்பில் 28 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படித்தவர்கள் சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த பூங்காவில் தினம் காலையில் சருகு கூட்டுவோம். தரை துடைத்த மாதிரி இருந்தால்தான் மேலதிகாரிக்குத் திருப்தி. இலையுதிர் சமயத்தில் நாளைக்கு இரண்டு டிராக்டர் லோடு. பின்பக்கம் ஒரு மூலையில் கொட்டி, சாயங்காலம் பற்றவைப்போம். 28 வருடம். அப்புறம் மண்ணில் சத்து இல்லை என்று வெளியிலிருந்து மூட்டை மூட்டையாக உரம் வாங்கிப் போடுவோம். இதைச் சொல்ல எனக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது.

கடைசி நான்கு வருடம் ஒரு ஓரத்தில் மட்டும், கூட்ட ஆள் இல்லாததால், சருகை அப்படியே விட்டோம். வேறு காரணம் எதுவும் இல்லை. மூன்றாவது மழைக்கு அந்த இடத்தில் கடப்பாரை இல்லாமல் வெறும் மண்வெட்டியில் குழி எடுத்தோம். பத்தடி தள்ளி, கூட்டின தரையில் மண்வெட்டி டங்கென்று நிற்கும். தண்ணீரும் அப்படித்தான், இங்கே உறிஞ்சும், அங்கே ஓடும்.

நட்டுக் கொடுக்கிறோம் என்பவர்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்: நான்காவது வருடம் தண்ணீர் யார் ஊற்றுவது? மூன்று வருடப் பராமரிப்பு என்பது கன்று நிற்கும்வரை. டேங்கர் லாரி தினம் 5 லிட்டர் டீசல் குடித்தால் கோடை 150 நாளில் என்ன ஆகும் என்று மண்புழு ஐயா கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

மண்புழு
புதன், காலை 8.45

கவாத்துக்காரர் ஐயா, 750 லிட்டர் டீசல், லிட்டருக்கு 2.7 கிலோ, ஆக 2 டன் கார்பன் டை ஆக்சைடு. முதல் வருடம் கன்றுகள் பிடிப்பதில் கணிசமான பங்கு லாரியிலேயே போய்விடும். அதோடு உரம்: நைட்ரஜன் உரம் போட்ட மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு வரும். 100 வருடக் கணக்கில் ஒரு கிலோ, 273 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். பச்சைப்பசேல் புல்தரைக்குப் பின்னால் இதுவும் இருக்கிறது.

சருகைப் பற்றி ஒரு விஷயம் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். விட்டுவைத்த சருகு எல்லாம் மண்ணில் தங்கிவிடாது. பெரும்பகுதி சில வருடத்தில் மட்கி மறுபடி காற்றுக்கே போகும். கொஞ்சம்தான் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு நீண்ட காலம் இருக்கும். கார்பனுக்காக மட்டும் சருகை விடச் சொன்னால் நான் பெரிதாகப் பேச மாட்டேன். தண்ணீர் உறிஞ்சுகிறதே, மரம் தாகம் தாங்குகிறதே, அதற்காக விடலாம். எரிப்பதை இன்றைக்கே நிறுத்த வேண்டும், அதில் விவாதமே இல்லை.

மண் கார்பனில் ஏமாற்றுவது மரத்தை விட எளிது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு ஹெக்டேர், 30 செ.மீ. ஆழம், கன மீட்டருக்கு 1.3 டன் அடர்த்தி: மொத்தம் 3,900 டன் மண். அதில் 1 சதவீதம் கார்பன் என்றால் 39 டன். அது 1.2 ஆனால் கூடுதலாக 7.8 டன் கார்பன், சுமார் 29 டன் கார்பன் டை ஆக்சைடு. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஆய்வகத்தில் உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன்: ஒரே பூங்காவில் பாதையோரம் ஒரு குழி, மரத்தடியில் ஒரு குழி எடுத்தாலே 0.8-ம் 1.9-ம் வரும். 0.2 உயர்ந்ததா, குழி மாறியதா என்று சொல்லவே நிறைய மாதிரிகள் வேண்டும். ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் மூன்றே மூன்று பொட்டலம் கொண்டுவந்தார். மூன்றும் மரத்தடியில் எடுத்தவை, சருகு வாசனைகூடப் போகவில்லை. அதை வைத்து முழு நிலத்துக்கும் கணக்கு எழுதித் தரச் சொன்னார். மாட்டேன் என்றேன். வேறு யாரோ எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

அதனால் தோண்டுவதற்கு முன்னால் அடிக்கணக்கு (இப்போது மண்ணில் எவ்வளவு கார்பன் என்ற கணக்கு) எடுக்கச் சொல்லுங்கள். எத்தனை குழி, எந்த ஆழம், யார் எடுப்பது, அடர்த்தி அளந்தார்களா. அதோடு இன்னொன்று: நடுவதற்காக 5 ஏக்கரையும் ஜேசிபி வைத்துக் கிளறினால், வருடக்கணக்கில் புல் வேர் சேர்த்துவைத்ததில் ஒரு பங்கு முதல் பருவத்திலேயே காற்றோடு போகும். அந்தக் கழித்தல் அறிக்கையில் இருக்காது. பந்தயம் வைக்கிறேன்.

சும்மா_படிப்பவன்
புதன், காலை 9.10

அப்போ மரமே நட வேண்டாம் என்கிறீர்களா? இப்படியே எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டால் மூச்சு விடவும் அனுமதி கேட்க வேண்டும்.

மண்புழு
புதன், காலை 9.25

நடுங்கள் தம்பி, தாராளமாக நடுங்கள். நட்டதை விற்கும்போதுதான் கணக்கு வேண்டும் என்கிறேன். நிழலுக்கும் குளிர்ச்சிக்கும் நட்டால் அதற்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை.

வழக்குத்தாள்
புதன், இரவு 10.30

சட்டப் பக்கத்தை யாரும் தொடவில்லை. நாடு நாட்டுக்குச் சட்டம் வேறு, உங்கள் ஊர் வழக்கறிஞரைப் பார்ப்பதுதான் சரி. ஆனால் பொதுப் பூங்கா விஷயத்தில் பல நாட்டு நீதிமன்றங்கள் ஏறக்குறைய ஒரே திசையில் யோசித்திருக்கின்றன.

நியூயார்க்கில் வான் கோர்ட்லாண்ட் பூங்காவுக்கு அடியில் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்ட நகரம் நினைத்தது. முடித்த பிறகு மேலே பூங்காவாகவே திருப்பித் தருகிறோம் என்றார்கள். 2001-ல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம், அப்படியே இருந்தாலும் சட்டமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று நிறுத்தியது. நோக்கம் நல்லதுதான், குடிதண்ணீர். அதைப் பார்க்காமல், பூங்காவை வேறு காரியத்துக்கு எடுக்கிறாயா இல்லையா என்றுதான் பார்த்தார்கள்.

பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை இந்திய உச்ச நீதிமன்றம் 1991-ல் செல்லாது என்றது. அங்கேயும் மருத்துவமனை நல்ல காரியம்தானே என்ற வாதம் எடுபடவில்லை. இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி ஊரில் மக்கள் பொழுதுபோக்குக்காக வைத்திருந்த திடலில் ஒரு துண்டை, சட்டப்படி செய்ய வேண்டிய அறிவிப்பைச் செய்யாமல் விற்றுவிட்டார்கள். 2023-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், நிலம் கை மாறினாலும் மக்களின் உரிமை அதோடு ஒட்டிக்கொண்டே போகிறது என்று சொன்னது.

உங்கள் விஷயத்தில் நிலத்தை விற்கவில்லை, கார்பன் உரிமையை மட்டும்தான் கொடுக்கிறார்கள் என்று சொல்வார்கள். ஏமாந்துவிடாதீர்கள். 40 வருடம் அந்த 5 ஏக்கரில் ஒரு மரத்தை எடுக்க, ஒரு பாதை போட, ஒரு குழாய் பதிக்க வெளியாளின் சம்மதம் வேண்டுமென்றால், பூங்கா யார் கையில் இருக்கிறது? மூன்றை எழுத்தில் கேளுங்கள். நிலத்தைப் பூங்காவுக்கு ஒதுக்கிய மூல ஆணை எங்கே? இது குத்தகையா, வேறு ஏதாவதா? நிறுவனம் நொடித்துப்போனாலோ கைமாறினாலோ உரிமை யாருக்குப் போகும்? நாற்பது வருடம் உயிரோடு இருக்கும் நிறுவனங்கள் மிகக் குறைவு. மரம் இருக்கும்.

ஏரிக்கரை
வியாழன், காலை 11.00

எல்லோரும் 5 ஏக்கர் புல்தரையையே சுற்றி வருகிறீர்கள். கீழ்க்கோடியில் தண்ணீர் நிற்கும் பள்ளம் என்று முதல் பதிவிலேயே சொல்லியிருக்கிறாரே. எனக்கு அதுதான் கண்ணில் பட்டது.

பூங்கா நிலத்தில் கார்பன் என்றதும் மரம்தான் நினைவுக்கு வருகிறது. ஈர நிலம்தான் பெரிய பெட்டகம். தண்ணீருக்கடியில் காற்று புகாததால் செடிகள் முழுதாக மட்காமல் அடுக்கடுக்காகத் தங்கிவிடும். அப்படித் தங்கியதைப் பீட் என்பார்கள். பீட் நிலங்கள் உலகின் நிலப்பரப்பில் 3 சதவீதம்தான், ஆனால் உலகத்துக் காடுகளின் மரங்களில் உள்ளதை விட அதிகக் கார்பன் அவற்றில் இருக்கிறது.

கனடாவில் வான்கூவர் பக்கம் பர்ன்ஸ் பாக் என்று ஒரு பீட் சதுப்பு. பல காலம் கால்வாய் வெட்டி வடித்து, பீட்டைத் தோண்டியும் எடுத்தார்கள். 2004-ல் பல நிலை அரசுகள் சேர்ந்து 2,000 ஹெக்டேருக்கு மேல் வாங்கிப் பாதுகாப்பு நிலமாக்கின. அங்கே செய்த முக்கிய வேலை கால்வாய்களைத் தடுத்து நிறுத்தியது. சின்னச் சின்னத் தடுப்பு, அவ்வளவுதான். நீர்மட்டம் ஏறினால் பாசி திரும்பவும் வளரும், கார்பன் வெளியே போவது நிற்கும். காய்ந்த பீட் எரியவும் செய்யும், அங்கேயே 2005-லும் 2016-லும் தீப்பிடித்தது.

உங்கள் பள்ளம் பீட் நிலமாக இருக்காது. அதனால் அதைத் தூர்க்கலாம் என்று அர்த்தமில்லை. அறிக்கையில் வடிகால் வேலை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஈர நிலத்தில் மீத்தேனும் (அதுவும் பூமியைச் சூடாக்கும் வாயுதான்) வரும், சாக்கடை கலந்தால் இன்னும் அதிகமாக வரும், அதையும் மறைக்கக் கூடாது. வடிக்காதே, சாக்கடை விடாதே, மண் கொட்டாதே. செலவில்லாத கார்பன் திட்டம் இதுதான்.

மாலைநடை
வியாழன், இரவு 8.15

ஏரிக்கரை, இருக்கிறது! "தாழ்வான பகுதி சமன்படுத்தப்படும்" என்று இணைப்பில் நான்காம் பக்கம். நான் கவனிக்கவே இல்லை.

கவாத்துக்காரர்
வெள்ளி, காலை 5.40

தம்பி, இன்னொன்று நினைவு வந்தது. கவாத்துப் பண்ணின கிளைகள். அதையும் எரிக்கத்தான் செய்தோம். ஸ்டாக்ஹோமில் கரியாக்கி மரக்குழியில் போடுகிறார்கள் என்று என் பேரன் காட்டினான். உண்மைதானா?

மண்புழு
வெள்ளி, காலை 9.00

உண்மைதான் ஐயா. காற்றுப் புகாமல் சூடாக்கினால் கட்டை சாம்பலாகாமல் கரியாகும், கட்டையில் இருந்த கார்பனில் ஏறக்குறைய பாதி அதில் தங்கும். மண்ணில் போட்டால் நூற்றாண்டுக் கணக்கில் மட்காது. ஸ்டாக்ஹோம் நகரம் 2014-ல் இந்த யோசனைக்கு ஒரு சர்வதேசப் பரிசு வாங்கி, 2017-ல் ஆலையைத் திறந்தது. பூங்கா, தோட்டக் கழிவு உள்ளே போகிறது, கரி தெருமரங்களின் குழிக்குப் போகிறது, வரும் சூடு வீடுகளுக்குப் போகிறது. இங்கே எனக்குப் பிடித்தது, எடை போட்டுவிடலாம். எத்தனை மூட்டை கரி என்று எண்ணிவிடலாம். நாற்பது வருடம் யாரையும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஆனால் திறந்தவெளியில் புகை கக்கக் கக்கச் சுட்டால் பலன் இல்லை, சரியான உலை வேண்டும்.

மாலைநடை
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 7.30

கூட்டம் முடிந்தது. சொன்னபடி வந்து சொல்கிறேன்.

"ஆண்டுக்கு" என்பது தட்டச்சுப் பிழையாம். நிறுவனத்துக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். எழுத்தில் கேட்டோம், தருவதாக ஒப்புக்கொண்டார்கள், இன்னும் வரவில்லை. பழைய மரங்களை அப்புறப்படுத்தும் வரியை அங்கேயே அடித்துவிட்டார்கள். பள்ளத்தைச் சமன்படுத்துவது யார் போட்ட யோசனை என்று மேடையில் இருந்த யாருக்கும் தெரியவில்லை. 40 வருடம் முடிந்த பிறகு என்ன என்று கேட்டபோது "பூங்கா உங்களுடையதே" என்றார் நிறுவனத்துக்காரர். இப்போது யாருடையது என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் கேட்டார். அதற்குப் பதில் வரவில்லை.

தேன்கூடு சொன்ன தலை எண்ணிக்கைதான் எல்லோரையும் அமைதியாக்கியது. ஞாயிறு மாலை ஒரு மணி நேரத்தில் அந்தப் புல்தரையில் மட்டும் 212 பேர். நோட்டைக் காட்டினோம். அதிகாரி வாங்கிப் புரட்டிப் பார்த்தார். முடிவு ஒத்திவைப்பு. 5 ஏக்கருக்குப் பதிலாகச் சுவரோரம் அரை ஏக்கர், கிரெடிட் இல்லாமல், நகரமே நடலாமா என்று ஒரு பேச்சு. நடக்குமா தெரியாது. என் குழுவிலேயே பாதிப் பேர் நல்ல வாய்ப்பைக் கெடுத்துவிட்டேன் என்று முகம் கொடுக்கவில்லை.

நேற்று காலை நாங்கள் ஆறு பேர் பழைய மரங்களை அளக்க ஆரம்பித்தோம். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, 1.3 மீட்டரில் சுண்ணாம்புக் கோடு. 61-வது மரத்தில் மாட்டிக்கொண்டோம். தையல் டேப் 150 செ.மீ.தான், மரம் அதை விடப் பெரிது. இரண்டு டேப்பைச் சேர்த்துப் பிடித்து அளந்தால் ஒத்துக்கொள்வார்களா?

சும்மா_படிப்பவன்
ஞாயிறு, இரவு 7.44

212 பேரா? என் ஊர்ப் பூங்காவில் எத்தனை பேர் என்று நான் எண்ணியதே இல்லை.

மண்புழு
ஞாயிறு, இரவு 8.05

டேப்பை ஒட்ட வேண்டாம். நீளாத நூலால் மரத்தைச் சுற்றி, சேருமிடத்தில் மையால் குறித்து, நூலைத் தரையில் நேராக வைத்து அளங்கள். நூல் சாயாமல் ஒரே மட்டத்தில் சுற்ற வேண்டும், எதிர்ப்பக்கம் ஒரு ஆள் நின்று பார்க்கட்டும். 1.3 மீட்டருக்குக் கீழேயே இரண்டாகப் பிரிந்திருந்தால் இரண்டையும் தனித்தனியாக அளந்து 61அ, 61ஆ என்று எழுதுங்கள்.

கவாத்துக்காரர்
ஞாயிறு, இரவு 8.20

நல்ல வேலை தம்பி. 61-வது மரத்தடியில் நாளைக்குச் சருகு கூட்ட வேண்டாம் என்று ஆளிடம் சொல்லிவிட்டீர்களா?